சக்குலன்ட் வாங்கும் முன் மதுரையின் ராத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள்

கொடைக்கானலில் இருந்து திரும்பும்போது என் மடியில் ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் 14 குட்டித் தொட்டிகள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசம்பர் மாதம். மலைப்பாதை முழுக்க ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்த நான் வத்தலக்குண்டு தாண்டியதும் அதைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தேன். பெட்டிக்குள் இருந்தவற்றுக்கும் அதே புழுக்கம்தான் என்று அப்போது தோன்றவே இல்லை. எல்லாம் எச்செவேரியா, சக்குலன்ட் என்று விற்கும் சதைப்பற்றுள்ள செடிகளில் ஒரு வகை. ரோஜாப்பூவை விரித்து வைத்த மாதிரி அடுக்கடுக்காக இலை, மேலே திருநீறு பூசினாற்போல வெள்ளைப் பொடி, ஓரத்தில் மட்டும் இளஞ்சிவப்பு. கடைக்காரரிடம் எங்கள் ஊர் வெயிலைப் பற்றிக் கேட்டேன். "பாலைவனச் செடிம்மா, தண்ணியே வேண்டாம், மதுரை வெயிலுக்கு ஜம்முனு இருக்கும்" என்றார். நம்பினேன்.

ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் ஜம்மென்றுதான் இருந்தன. திருநகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியின் கிழக்குக் கைப்பிடிச் சுவர் ஓரமாக வரிசையாக வைத்திருந்தேன், காலையில் காபியோடு மேலே போய் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். மார்ச் இரண்டாம் வாரத்தில் அடியிலைகள் மாற ஆரம்பித்தன. வாடிச் சுருங்கினால் தண்ணீர் கேட்கிறது என்று புரிந்துகொள்ளலாம், இது அப்படி இல்லை. இலை கொழுகொழுவென்றே இருந்தது, ஆனால் நிறம் வெளுத்து, வெந்த வெங்காய இதழ் மாதிரி மறுபக்கம் தெரிகிற அளவுக்குக் கண்ணாடியாகிவிட்டது. விரல் பட்டதுமே தண்டிலிருந்து கழன்று வந்தது, அமுக்கினால் நீர் வடிந்தது. நான் தாகம் என்று நினைத்துக் கூடக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று கூட்டத்தில் நசுங்கி வீட்டுக்கு வந்து மாடி ஏறினால், எனக்கு ரொம்பப் பிடித்த சாம்பல்நீலச் செடி சாய்ந்து கிடக்கிறது, தண்டு அடியில் கறுத்துப் புளித்த வாடை. கத்திரி முடியும்போது 14-இல் மிஞ்சியது ஒன்றே ஒன்று.

அந்த வருஷம் எனக்கு நிஜமாகவே வருத்தம். அதனால்தான் ஏன் செத்தது என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன், அதற்குப் பிறகு வாங்கியது, இழந்தது, பிழைத்தது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். மதுரை, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி என்று நம்மைச் சுற்றி இருப்பவர்கள் யாரும் இந்தச் செலவையும் மனக்கஷ்டத்தையும் மறுபடி படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் விஷயம், பகல் வெயிலை வைத்து மட்டும் சக்குலன்ட் வாங்காதீர்கள். ராத்திரி எவ்வளவு குளிரும் என்பதைப் பாருங்கள். சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும், அப்போது உள்ளே இருக்கும் ஈரமும் ஆவியாகப் போகும். சதைப்பற்றுள்ள செடிகளில் பெரும்பாலானவை பகலில் துளைகளை மூடிக்கொண்டு ராத்திரியில் திறக்கின்றன. ராத்திரி எடுத்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேர்த்து வைத்து, விடிந்ததும் அந்த அமிலத்தை எடுத்து வெயிலின் உதவியோடு சாப்பாடு தயாரிக்கின்றன. இது நம் தென்னிந்தியாவில் நாக்கில் வைத்தே கவனிக்கப்பட்ட சங்கதி என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர், ரணகள்ளி இலை காலையில் நல்ல புளிப்பாகவும், மத்தியானம் சுவையே இல்லாமலும், சாயங்காலம் லேசான கசப்பாகவும் இருக்கிறது என்று எழுதி அனுப்ப, அது 1815-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வந்தது. ரணகள்ளி தெரியும்தானே, இலையைக் கிள்ளிப் போட்டாலே ஓரமெல்லாம் குட்டி முளைக்கும், கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று நம் பக்கம் பேர் சொல்வார்களே, அதுதான். நானும் ஒரு மார்கழி விடியலில் ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினேன், மாங்காய்த் தோல் மாதிரி சுரீரென்று இருந்தது. அதே செடியில் மதியம் மூன்று மணிக்குப் பறித்த இலை சப்பென்று இருந்தது. (விழுங்காதீர்கள், அந்தச் செடியில் விஷச்சத்தும் உண்டு.)

இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்க ராத்திரி குளிர வேண்டும். ராத்திரியும் கொதித்தால் துளைகள் சரியாகத் திறக்காது, செடி மூச்சு விடுவதிலேயே சேமிப்பு கரைந்துகொண்டிருக்கும். மே மாத மதுரையில் பகல் 40 டிகிரியைத் தொடும், அது எல்லோருக்கும் தெரியும், ஆனால் ராத்திரி 26, 27-க்குக் கீழே இறங்காமல் மின்விசிறிக் காற்றே சுடுகிறதே, அதுதான் எச்செவேரியாவால் தாங்க முடியாதது. அவற்றில் பெரும்பாலானவை மெக்சிகோவின் மலைச்சரிவுகளைச் சேர்ந்தவை, பகலில் எவ்வளவு வெயில் அடித்தாலும் ராத்திரி சிலுசிலுவென்று ஆகிவிடும் ஊர்கள். மெக்சிகோ என்றால் பாலைவனம், பாலைவனம் என்றால் நம் வெயில் என்று நாம் ஒரே கோட்டில் யோசித்துவிடுகிறோம். ஏயோனியம் கேனரித் தீவுகளின் செடி, குளிர்காலத்தில் வளர்ந்து கோடையில் தூங்கும். செம்பர்விவம் ஐரோப்பிய மலைகளில் பனியைத் தாங்கும் செடி, அதற்கு நம் ஏப்ரல் ராத்திரியே போதும், முடிந்துவிடும். பெங்களூரு மாடித்தோட்டக்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்து வாங்குபவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி.

ஆகவே கடையில் நான் இப்போது விலைக்கு முன்னால் கேட்கும் கேள்வி, "அண்ணே, இந்தச் செடி உங்ககிட்ட எத்தனை மாசமா இருக்கு?" என்பதுதான். போன வாரம் லாரியில் வந்தது என்றால் அது இன்னும் ஊட்டிச் செடியோ பெங்களூருச் செடியோதான், மதுரைச் செடி ஆகவில்லை. இன்னொன்று, அழகர்கோவில் ரோட்டுப் பக்கமோ ஒத்தக்கடைப் பக்கமோ நர்சரிக்குப் போவதென்றால் ஜூன் கடைசியில் போங்கள். ஜனவரியில் எந்தக் கடையும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். கத்திரி முடிந்த பிறகு பெஞ்சில் மிஞ்சி நிற்பது எது, கடைக்காரரே எதைத் தன் செலவில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார் என்று பாருங்கள். இலையில் ரெண்டு தழும்பு இருந்தால்கூட அந்தச் செடியை நான் சந்தோஷமாக வாங்குவேன்.

இனி பிழைத்தவை. முதலிடம் அடீனியத்துக்கு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் கொதிக்கிற நிலத்தில் வளர்வது, ராத்திரிச் சூடு அதற்குப் பொருட்டே இல்லை. மற்ற செடியெல்லாம் தலையைத் தொங்கப்போடும் மே மாதத்தில் இது பூத்துக்கொண்டிருக்கும். அடியில் குடம் மாதிரி உப்பிய தண்டுதான் அதன் தண்ணீர்த்தொட்டி. அதை வாரம் ஒருமுறை கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் ஒன்றும் செய்யவேண்டாம், லேசாகக் கொடுத்தால் தாகம். ஒரு பக்கம் மட்டும் பழுத்த பப்பாளி மாதிரி அமுங்கினால் அழுகல் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம், அன்றைக்கே மண்ணிலிருந்து எடுத்து, கறுத்த பகுதியை வெள்ளையான சதை தெரியும்வரை கத்தியால் சீவி, மஞ்சள்தூள் அப்பி, நிழலில் ஒரு வாரமாவது காயவிட்டு நடுவேன். மூன்றில் இரண்டை இப்படிக் காப்பாற்றியிருக்கிறேன். மாசி மாதம் கவாத்து செய்தால் சித்திரையில் கிளைக்குக் கிளை மொட்டு வைக்கும். வெட்டும்போது வரும் சாறு கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் விஷமாகத் தடவப் பயன்படுத்திய சாறு அது.

அடுத்ததைச் சொல்ல என் அத்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். என் கணவரின் அம்மா, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். செத்துப்போன எச்செவேரியாத் தொட்டிகளை நான் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது அவர்தான், "கள்ளிமுளையான் வையேன் தாயி, அது எந்தக் கோடைக்கும் சாகாது" என்றார். எனக்கு அது செடியா கிழங்கா என்றே தெரியாது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது காட்டு வேலியோரம் கூட்டிப்போய்க் காட்டினார். சின்ன விரல் தடிமனில், நாலு பட்டையோடு, இலையே இல்லாத சாம்பல்பச்சைத் தண்டுகள், முள்ளும் கிடையாது. சின்ன வயதில் ஆடு மேய்க்கப் போகும்போது ஒடித்து உப்பைத் தொட்டுத் தின்பார்களாம், துவையலும் அரைப்பார்களாம். நான் அங்கே கவனித்தது வேறு. சுற்றிலும் மண் வெடித்துக் கிடக்கிறது, இந்தக் கள்ளிமுளையான் ஒன்றுகூடத் திறந்தவெளியில் இல்லை. எல்லாம் ஒரு முள்ளுப்புதரின் அடியிலோ, சதுரக்கள்ளி தூருக்குள்ளோ, பாறை இடுக்கிலோதான் முளைத்து நிற்கிறது. அப்புறம் நாகமலைப் பக்கம், கீழக்குயில்குடிச் சமணர்மலைப் பக்கம் போகும்போதெல்லாம் இதைத் தேடித் தேடிப் பார்த்தேன். கண்ணில் பட்ட இடமெல்லாம் அதே கதை. நம் மண்ணிலேயே பிறந்து நம் வெயிலிலேயே வளர்கிற சதைச்செடியே குட்டியாக இருக்கும்போது யாரோ ஒருவரின் நிழலில்தான் ஒதுங்கியிருக்கிறது. நானோ கொடைக்கானலில் கண்ணாடிக்கூரைக்குள் வளர்ந்த பிள்ளைகளை நேராக மொட்டைமாடிச் சுவரில் உட்கார வைத்திருக்கிறேன்.

அன்று முதல் எந்தப் புதுச் செடியையும் முதல் மூன்று வாரம் பெரிய செடியின் நிழலில்தான் வைக்கிறேன். முதல் வாரம் காலை வெயில் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு, அப்படி. திடீரென்று வெயிலில் வைத்த செடியின் இலையில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஒரு திட்டு விழும், அது சூட்டுப்புண், அந்த இலை உள்ளவரை போகாது. தங்க உருளைக் கள்ளி என்று விற்கிறார்களே, மஞ்சள் முள்ளோடு பந்து மாதிரி, அது மெக்சிகோவின் அசல் வெயில் செடி, அதற்கே என் அவசரத்தால் ஒரு பக்கம் தழும்பு விழுந்துவிட்டது. இப்போதும் அந்தப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பித்தான் வைத்திருக்கிறேன்.

வேலியிலிருந்து அத்தை இரண்டே தண்டுதான் ஒடித்துக் கொடுத்தார். மலையில் இருப்பதைத் தோண்டி எடுத்து வராதீர்கள், தயவுசெய்து. ஒரு தண்டு போதும். வெட்டுவாய் காயும்வரை நாலு நாள் நிழலில் போட்டுவைத்து நட்டால் பிடித்துக்கொள்ளும். எனக்கு இரண்டும் பிடித்து இப்போது ஒரு அகலத்தொட்டி நிறைய இருக்கிறது, மழைக்காலத்தில் தண்டு நுனியில் கருஞ்சிவப்பு வரியோடு குட்டிப் பூக்கள் வரும், அதற்கு ஈக்கள்தான் விருந்தாளி.

நம் ஊர்க் கள்ளிகள் எல்லாமே தாங்கும். சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி, எதுவானாலும் நேர் வெயிலில் விட்டுவிடலாம். முட்கிரீடம் என்று சிவப்புப் பூவோடு விற்கும் செடியும் இதே குடும்பம்தான், மடகாஸ்கரிலிருந்து வந்தது, வருஷம் முழுக்கப் பூக்கும். ஆனால் இந்தக் குடும்பத்தின் பாலுக்குப் பயப்படுங்கள். ஒருமுறை திருகுகள்ளிக் கிளையை வெட்டிவிட்டு வியர்வையைத் துடைக்கப் புறங்கையைக் கண்ணோரம் கொண்டு போய்விட்டேன். பத்து நிமிஷத்தில் கண்ணுக்குள் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல், ஒரு மணி நேரத்தில் பார்வை மங்கலாகிவிட்டது. குழாயைத் திறந்துவிட்டுக் கண்ணைக் காட்டிக்கொண்டே நின்றேன், பிறகு ஓடிப்போய் டாக்டரைப் பார்த்து, இரண்டு நாள் மருந்து விட்டுத்தான் சரியானது. கையுறை, கண்ணாடி இல்லாமல் கள்ளியைத் தொடுவதில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் திருகுகள்ளியை வாங்காமலே இருந்துவிடுங்கள், அதற்குப் பதில் வைக்க எவ்வளவோ இருக்கிறது.

உதாரணமாக, கடைகளில் ஜேட் என்ற ஒரே பேரில் இரண்டு செடி விற்கிறார்கள். தடித்த பெரிய இலையோடு பளபளவென்று இருப்பது கிராசுலா, அது எனக்கு ஒவ்வொரு கோடையிலும் இலை கொட்டி முகம் சுளித்துக்கொண்டே இருக்கிறது. சிவந்த தண்டில் கால் ரூபாய்க் காசை விடச் சின்ன வட்ட இலைகள் எதிரெதிராக இருப்பது போர்ச்சுலகேரியா. தென்னாப்பிரிக்காவில் யானைகள் தின்னும் செடி, தண்ணீர் கிடைக்கும்போது சாதாரணச் செடி மாதிரியும் காய்ந்தால் கள்ளி மாதிரியும் மூச்சு விடும் வழியை மாற்றிக்கொள்ளும். இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். பிரண்டை ஒரு சிமெண்ட் சாக்கில் இருக்கிறது, ஆனைக்கற்றாழை படிக்கட்டு ஓரத்தில், மருள், சோற்றுக்கற்றாழை, கற்பூரவல்லி, இதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. பத்துமணிப்பூ தகரக் கூரை மேல் வைத்தால்கூடப் பூக்கும். வரிக்குதிரைக் கோடு போட்ட ஹாவொர்த்தியா பிழைக்கும், ஆனால் சன்ஷேடுக்கு அடியில், கோடையில் பத்து நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீரோடு. சிவப்பு, மஞ்சள் உருண்டையைத் தலையில் வைத்து விற்கும் கலர்க் கள்ளியை வாங்காதீர்கள். அந்த உருண்டைக்குப் பச்சையமே இல்லை, அடியில் ஒட்டியிருக்கும் டிராகன் பழக் கள்ளி சோறு போட்டால்தான் அது வாழும், அந்த ஒட்டு நீண்ட நாள் நிற்பதில்லை.

செடியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தும் தொட்டியால் இழந்திருக்கிறேன். ஒரு ஏப்ரல் மதியம் மூன்று மணிக்குக் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டேன், மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். வேர் அங்கேதானே இருக்கிறது, அதற்கு எடுத்துக்கொண்டு ஓட வழியில்லை. பக்கத்தில் இருந்த மண்தொட்டியில் விரலை வைத்திருக்க முடிந்தது, ஏனென்றால் மண் சுவர் வழியாக ஈரம் கசிந்து ஆவியாகிப் பானைத் தண்ணீர் குளிர்வதுபோல அதுவும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். மானாமதுரையிலிருந்து வரும் மண்தொட்டிகளை வாங்குங்கள், அகலமாக, ஆழம் குறைவாக, அடியில் கட்டைவிரல் போகும் துளையோடு. அதைத் தளத்தின் மேல் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். பகல் முழுக்கக் குடித்த சூட்டைத் தளம் ராத்திரி பன்னிரண்டு மணி வரை கக்கிக்கொண்டே இருக்கும், ராத்திரிக் குளிர்ச்சிதான் முக்கியம் என்று ஆன பிறகு அந்தச் சூடு தொட்டிக்கு ஏறவிடக் கூடாது. சின்னத் தொட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி, மேற்குப் பக்கம் ஒரு பெரிய செடியைக் காவலுக்கு நிறுத்துங்கள். பங்குனி பிறந்ததும் 50 சதவீத நிழல்வலையைத் தலைக்கு மேல் உயரத்தில் கட்டுகிறேன், செடிமேல் போர்த்துவதில்லை, போர்த்தினால் அனல் உள்ளேயே தங்கும். ஆடிக்காற்றுக்கு முன்னால் அவிழ்த்துவிட வேண்டும், இல்லையென்றால் காற்றே கிழித்துக்கொண்டு போய்விடும்.

மண்ணுக்கு என் கணக்கு, செம்மண் ஒரு பங்கு, தூசி போகக் கழுவிய எம்-சாண்ட் ஒரு பங்கு, மொச்சைக்கொட்டை அளவு உடைத்த செங்கல் ஒரு பங்கு, மக்கிய சாணம் அரைப் பங்கு, ஒரு கை வேப்பம்புண்ணாக்கு. கரம்பை வேண்டவே வேண்டாம், அது வயலுக்கு நல்லது, இங்கே வேரைப் பிடித்து நெரிக்கும். கடையில் வாங்கிய செடி முழுக்கத் தேங்காய்நார்த் தூளில் இருந்தால் வேரை அலசி மாற்றி நடுங்கள், நார்த்தூள் நனைந்தால் காயாது, சுக்காகக் காய்ந்துவிட்டால் ஊற்றும் தண்ணீரை உள்ளே வாங்காமல் ஓரமாக ஓடவிட்டுவிடும்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டால், வெயில் கொன்ற செடிகளை விட வெயில் நேரத்தில் நான் ஊற்றிய தண்ணீர் கொன்ற செடிகள்தான் என் நோட்டில் அதிகம். சூடான மண்ணில் ஈரம் நின்றால் வேர் வேகும், பூஞ்சை பிடிக்கும். ராத்திரி ஏழரை, எட்டு மணிக்கு, தொட்டியைத் தொட்டுப் பார்த்துச் சூடு தணிந்த பிறகுதான் ஊற்றுகிறேன். அடீனியத்துக்கும் போர்ச்சுலகேரியாவுக்கும் கோடையில் மூன்று நாளைக்கு ஒருமுறை நன்றாக அடித்துளை வழியே வடியும்வரை, வளராமல் தூங்கும் செடிகளுக்கு எப்போதாவது ஓரமாக. தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டோமே என்று பதறும்போது நம் தெருவில் யார் வீட்டு வாசலிலாவது திருஷ்டிக்குத் தலைகீழாகக் கட்டியிருக்கும் கற்றாழையைப் பாருங்கள், மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் மாசக்கணக்கில் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருக்கும், அது நுனியை வளைத்து மேலே நிமிர்வதைக்கூடப் பார்க்கலாம். நாலு நாள் தாமதத்தால் ஒன்றும் ஆகாது. எங்கள் போர்த் தண்ணீர் ரொம்ப உப்பு, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும், அதனால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து வைக்கிறேன். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை ஊற்றாதீர்கள், இருக்கிற உப்பெல்லாம் சேர்ந்து வருவது அதில்தான்.

கோடை மழைதான் எனக்கு இன்னும் பயம். 40 டிகிரி அடித்த நாளில் சாயங்காலம் இடியோடு ஒரு மணி நேரம் கொட்டும், ஊரே சந்தோஷப்படும், மறுநாள் மறுபடி அதே வெயிலில் நனைந்த தொட்டியெல்லாம் இட்லிப்பானை ஆகிவிடும். வானம் கறுத்ததும் மாடிக்கு ஓடி, மழை ஆகாத தொட்டிகளை மட்டும் சன்ஷேடுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். அதற்காகவே அவற்றை ஒரே தட்டில் சேர்த்து வைத்திருக்கிறேன், இரண்டு நடையில் வேலை முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அவை உள்ளேயேதான், அப்போது நத்தையும் வரும், ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்கவேண்டும்.

பூச்சியில் மாவுப்பூச்சி ஒன்றுதான் பெரிய தொந்தரவு. தொட்டியில் எறும்பு ஏறி இறங்கினால் இலையிடுக்கிலோ வேரிலோ அது இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சப்பாத்திக்கள்ளி மேல் பஞ்சு ஒட்டியது மாதிரி தெரிவது அதன் உறவுக்காரப் பூச்சி, கொச்சினீல். அமெரிக்காவிலிருந்து வந்து நம் மேய்ச்சல் நிலமெல்லாம் பரவிய சப்பாத்திக்கள்ளியை ஒடுக்க, 1926-இல் இலங்கையிலிருந்து இந்தப் பூச்சியைக் கொண்டுவந்துதான் விட்டார்கள், காடு காடாக இருந்ததையே அது தின்று தீர்த்தது. அதனால் ஒரு பஞ்சைப் பார்த்தாலும் அலட்சியம் வேண்டாம். சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து எடுங்கள். நிறைய இருந்தால் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு மட்டும். எண்ணெய் பட்ட இலை மறுநாள் நேர் வெயிலில் பொசுங்கிவிடும், ஒரு நாள் நிழலில் வையுங்கள்.

அந்த 14-இல் மிஞ்சிய ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எச்செவேரியா என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், அது கிராப்டோபெட்டலம், கோஸ்ட் பிளான்ட் என்பார்கள். வெயிலில் கொஞ்சம் மஞ்சளும் ரோஜா நிறமும் ஏறும், நிழலில் நீலச்சாம்பலாக மாறிவிடும். தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே, மதியம் ஒரு மணிக்கு மேல் வெயில் படாத மூலையில் ஆறு கோடையைப் பார்த்துவிட்டது, தண்டு நீண்டு தொட்டிக்கு வெளியே ஒரு முழம் தொங்குகிறது. போன வாரம் எதிர்வீட்டு அக்கா வந்து ஒரு கிளை கேட்டார். இப்போது ஒடித்தால் வேர் விடுவதற்குள் வெந்துவிடும், ஆவணி பிறக்கட்டும் அக்கா, இலையாகவே பத்து தருகிறேன், நிழலில் மண்மேல் சும்மா பரப்பி வையுங்கள், தானாகக் குட்டி போடும் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்காக ஒரு அகலத்தொட்டியில் மண் கலந்து மூடி வைத்தாயிற்று.